கடலோரத்து வீட்டின் முன்வாசல்

எங்கள் அப்பாவுக்கு ஓவியம் என்றால் காலண்டரில் வரும் முருகர் படம்தான். அப்படிப்பட்டவர் அந்த ஐப்பசி முழுக்க, ஓவிய அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும் என்று என் உயிரை எடுத்தார்.

முதலில் அது வீடுதான். தெற்கே, கடலைப் பார்த்து ஓர் உப்பு வியாபாரி கட்டியது. அப்பா வாலிபம் முழுக்க அங்கே சமையல் வேலை பார்த்தார். வேலைக்காரர்களுக்குப் பின்வாசல்தான். முன்வாசல் படியைத் தாண்ட அவருக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை. வியாபாரியின் பேரன்மார் பங்குச் சண்டையில் வீட்டைப் பூட்டியபோது நாங்கள் திருப்பூருக்கு பஸ் ஏறினோம். அப்பா பனியன் கம்பெனியில் அயர்ன் பண்ணப் போனார். நான் வளர்ந்து செக்கிங் சூப்பர்வைசர் ஆனேன். பூட்டிக் கிடந்த வீட்டைக் கடைசியில் அரசாங்கம் வாங்கி, சுவரெல்லாம் படம் மாட்டி, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று திறந்துவிட்டது. டீக்கடைப் பேப்பரில் அதைப் படித்ததிலிருந்து அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"யாரும் வரலாம்னா நானுந்தானம்மா," என்பார்.

அந்த வருடம் கம்பெனியில் ஷிப்மென்ட் அவசரம். தீபாவளிக்கு மட்டும்தான் லீவு. பஸ்ஸில் முட்டி மோதி ஏறி, வழியெல்லாம் நின்றுகொண்டே போனோம். புது வேட்டி கசங்கிவிடும் என்று அப்பா பையைக் கீழே வைக்கவே இல்லை. நானோ செல்போன் அடிக்கும்போதெல்லாம் கம்பெனியிலிருந்து கூப்பிடுகிறார்களோ என்று எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

கேட் பூட்டியிருந்தது. பனியன்காரர்களுக்கு லீவு கிடைத்தால் உலகமே திறந்திருக்கும் என்று நினைப்பு. தீபாவளிக்கு அரசாங்கத்துக்கும் லீவு என்பது எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது. அப்பா கேட்டுக்கும் ரோட்டுக்குமாக நடந்தார். கம்பி வழியாக எட்டிப் பார்த்தார். மறுபடி நடந்தார்.

காவலாளிக்குப் பாவமாகிவிட்டது.

"அய்யா, ரொம்பத் தூரத்துலருந்து வந்திருக்கிய. பின்வாசல் தெறந்துதான் கெடக்கு. சட்டுன்னு ஒரு பார்வை பாத்துட்டு வந்துருங்க."

நான் பின்வாசல் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டேன். அப்பா நகரவில்லை.

"அந்த வாசல்லயே எனக்கு வயசு போயிட்டு தம்பி. முன்வாசல் தெறக்கிற அன்னைக்கு வாரேன்," என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தும் என்னால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. லீவு முடிந்ததும் நேராக மேனேஜரிடம் போய், வருகிற புதன்கிழமை லீவு வேண்டும் என்றேன்.

"ஷிப்மென்ட் நேரத்துலீங்களா? ஊட்டுல ஆருக்காச்சும் ஒடம்பு சரியில்லீங்களா அக்கா?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. எங்க அப்பாவ ஒரு வீட்டுக்கு முன்வாசல் வழியா கூட்டிட்டுப் போவணும்," என்றேன். "நீங்க லீவு தராட்டியும் போவேன்."