நாயின் காதில் வைத்த தொலைபேசி

தொண்ணூறுகளின் பிற்பாதியில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து திருப்போரூரில் ஒரு தட்டச்சு நிலையத்தில் வேலை பார்த்தேன். ஒரே குழாயைப் பல குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்ட வீட்டின் பின்னறையில் குடியிருந்தேன். குளிக்கும்போது வெளியே யாராவது வாளியைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள்.

பத்திரங்கள் தட்டச்சு செய்ய எங்களிடம் வரும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் வீடு கட்டியிருந்தார். மகளின் பிரசவத்துக்காக அவரும் மனைவியும் ஆறு மாதம் அமெரிக்கா போகிறார்கள். வீட்டையும் நாயையும் பூனையையும் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். உடனே சம்மதித்தேன். வெளிநாட்டுக்காரி என்பதால் முகவரி மாறினால் நான் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். அதற்கும் அவரே கூட வந்தார்.

அந்த வீட்டில் முதல் வாரம் எனக்கு வேறொரு ஆளின் வாழ்க்கை போல இருந்தது. தாழிட்டுக் குளித்தேன். மெத்தையில் படுத்தேன். தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைத்தேன். அந்த வாசனை எனக்கே மறந்துபோயிருந்தது. மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளும் சாப்பிட்டேன். வேலையிலிருந்து மதியமே திரும்பி, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பேன். பூனை சீக்கிரமே என் மடிக்கு வந்துவிட்டது.

நாய் வரவில்லை. வயதான பழுப்பு நாய். அதிகாரியின் மனைவி, அந்த அம்மாள், தயிர்சாதம் பிசைந்து கையால் ஊட்டி வளர்த்தது. நான் பிசைந்ததை முகர்ந்து பார்த்துவிட்டு வாசல் கேட்டருகே போய்ப் படுத்துக்கொள்ளும். ஆனாலும் நாள் போகப்போகக் கொஞ்சம் சாப்பிட்டது. ஒரு சனிக்கிழமை தட்டைக் காலி செய்தது.

மறுநாள் அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. வீட்டு நலம் விசாரித்த பிறகு அந்த அம்மாள், "அவன் காதுல கொஞ்சம் ரிசீவர வைங்கம்மா" என்றார். வைத்தேன். "கண்ணு, சாப்டியா? அம்மா வந்துர்றேண்டா." நாய் துள்ளி எழுந்து குரைத்தது. அந்தப் பக்கம் அவர் சிரித்தது எனக்கும் கேட்டது.

போனை வைத்ததும் நாய் ஒவ்வோர் அறையாகப் போய் முகர்ந்தது. அவருடைய புடவைகள் இருந்த பீரோவைப் பிறாண்டியது. பிறகு கேட்டருகே போய்ப் படுத்தது. புதன்கிழமை வரை தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. தேறுவதற்குள் அடுத்த ஞாயிறு வந்துவிட்டது. அழைப்பும் வந்தது. அதற்கடுத்த வாரமும் அப்படியே.

பால்காரர் கேட்டுக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி, "இன்னாக்கா, இதுவும் அமெரிக்கா போவ விசாவுக்குக் காத்துகினு கீதா?" என்று கேட்டுச் சிரிப்பார். சில வாரங்களில் நாயின் விலா எலும்புகள் தெரிந்தன. அதன் பிறகு அவர் சிரிப்பதில்லை. செங்கல்பட்டிலிருந்து வந்த கால்நடை மருத்துவர் நோய் என்று எதுவும் இல்லை என்றார். வயது, ஏக்கம் என்று சொல்லி குளுக்கோஸ் ஏற்றிவிட்டுப் போனார்.

அடுத்த அழைப்பில் நான் சொல்லிவிட்டேன். "அக்கா, உங்கட குரல் கேட்டா அது வீடெல்லாம் தேடுது. பிறகு சாப்பிடுதில்லை. கொஞ்ச நாளைக்கு வேண்டாமே."

அவர், "பொண்ணு குழந்தையோட ரூமுக்குள்ளயே இருக்கா. மாப்பிள்ளை என்கிட்ட பேசறதில்ல. இவரு டிவி பாக்கறாரு. வாரம் பூரா நான் வாயத் தொறந்து பேசறது இவன்கிட்டதாம்மா" என்றார்.

பேசுவதற்கு ஆளில்லாத வாரங்கள் எனக்கும் தெரியும். ரிசீவரை நாயின் காதில் வைத்தேன். அன்று அது எழுந்திருக்கவில்லை. வாலை மட்டும் தரையில் அடித்தது.

வியாழக்கிழமை காலை கேட்டருகிலேயே செத்துக் கிடந்தது. பக்கத்து மீனவர் ஒருவர் கொல்லையில் சவுக்கு மரத்தடியில் குழி தோண்டித் தந்தார். "நெறையா உப்பு போடுக்கா. இல்லாங்காட்டி தெரு நாயிங்க தோண்டிகினு பூடும்" என்றார். கடைக்குப் போய்க் கல்லுப்பு வாங்கி வந்து போட்டேன்.

சாயங்காலம் மாமல்லபுரத்தில் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து அமெரிக்காவுக்கு அழைத்தேன். எடுத்தவர் கணவர். கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவகிட்ட இப்ப சொல்லாதீங்கம்மா. பிள்ளை பெத்தவ இருக்கற வீட்டுல அழுகைச் சத்தம் கேக்கக் கூடாது. நாங்க வர்ற வரைக்கும் எப்படியாவது சமாளிங்க."

ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வந்தது. "அவன்கிட்ட குடுங்க" என்றார். நான் ரிசீவரைக் கையில் பிடித்து, வெறும் தரையை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றேன். பூனை வந்து பார்த்துவிட்டுப் போனது. சின்னதாய் அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. குழந்தைக்குச் சளி, வெளியே குளிர், யாரும் ரசம் கேட்பதில்லை. அடுத்த வாரமும் அப்படியே நின்றேன்.

மூன்றாவது வாரம் பேச்சு பாதியில் நின்றது. "ரிசீவர எடுங்கம்மா" என்றார். எடுத்தேன்.

"எங்க புதைச்சீங்க?"

"கொல்லையில, சவுக்குக்குக் கீழ."

"உப்பு போட்டீங்களா?"

"போட்டனான் அக்கா."

அவர் அழவில்லை. பின்னால் குழந்தை சிணுங்கியது.

"எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா ஃபோனத் தர மாட்டாரு" என்றார். "அடுத்த வாரமும் கூப்பிடுவேன். இதே மாதிரி பிடிச்சிக்கிட்டு நில்லுங்க."

சரி என்றேன். அவர்கள் திரும்பி வரும்வரை ஒவ்வொரு ஞாயிறும் நின்றேன்.