அனைவரும் வெளியேறினர் என்று காட்டிய திரை

பனியன் கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் வேலை பார்க்கிறேன் என்றால் சொந்தக்காரர்களுக்கே அது என்னவென்று புரிவதில்லை. தைப்பவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை என்று சொல்லி முடித்துக்கொள்வேன். குடிதண்ணீர் வருகிறதா, விரலில் ஊசி ஏறினால் மருந்துப் பெட்டி எட்டுகிற தூரத்தில் இருக்கிறதா, தீப்பிடித்தால் வெளியே போக வழி இருக்கிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். பெருமாநல்லூர்ப் பக்கம் மூன்று மாடிக் கம்பெனி ஒன்றில் பல வருடங்களாக இதைச் செய்கிறேன். நன்றாகவே செய்கிறேன் என்று நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

தீ ஒத்திகை ஒன்றுதான் எனக்குச் சரியாகக் கைகூடவில்லை. சைரன் அடித்ததும் எல்லோரும் சிரித்துக்கொண்டே படியிறங்குவார்கள். செல்போன், டிபன் பை எல்லாம் கூடவே வரும். புகையே இல்லாத இடத்தில் குனிந்து நடக்கச் சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

எனக்கு வீட்டில் ஒரு பொழுதுபோக்கு உண்டு. கட்டைகளை அடுக்கி வீடு, பாலம், ஊர் என்று எதை வேண்டுமானாலும் கட்டிக்கொள்கிற கம்ப்யூட்டர் விளையாட்டு. ஊரடங்கில் கம்பெனி மூடிக் கிடந்தபோது பிடித்த பழக்கம், பிறகு விடவில்லை. சோமனூரில் தறி ஓட்டும் என் கணவர், "ஏம்புள்ள, இன்னுமா அந்தப் பொட்டி ஊடு கட்டி முடியல?" என்று கேட்டுவிட்டுப் போவார். வீட்டோடு நான் நிறுத்தவில்லை. அந்த விளையாட்டில் கட்டளையும் எழுதலாம். கமாண்ட் பிளாக் என்று ஒரு கட்டை இருக்கிறது. அதற்குள் ஒரு வரி எழுதி வைத்துப் பித்தானை அழுத்தினால் அந்த வரி சொல்வது நடக்கும். கதவு திறக்கும், மழை பெய்யும், மணி அடிக்கும். ஒரு புள்ளி தவறினாலும் ஒன்றும் நடக்காது. எனக்கு அந்தக் கறார் பிடித்திருந்தது.

எங்கள் கம்பெனியையே அதில் கட்டினால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. மூன்று மாடி, இரண்டு படிக்கட்டு, தையல் லைன்கள், அயர்ன் டேபிள், வாசலுக்கு வெளியே எல்லோரும் கூட வேண்டிய பச்சைத் தரை. பித்தானை அழுத்தினால் சைரன் ஒலிக்க வேண்டும், கிழக்குப் படிக்கட்டில் கறுப்புப் புகை நிறைய வேண்டும், கடைசி ஆளும் பச்சைத் தரைக்கு வந்ததும் திரையில் 'அனைவரும் வெளியேறினர்' என்று வர வேண்டும்.

மேனேஜரிடம் சொன்னேன். "வெளையாட்டுல ட்ரெய்னிங்குங்களா மேடம்? ஆடிட்டுக்கு வர்றவங்க சிரிக்க மாட்டாங்களா?" என்றார்.

"இப்ப ட்ரில்லுல நம்ம ஆளுங்களே சிரிக்கறாங்களே சார். அதுக்கு இது பரவால்லீங்க" என்றேன். பேட்டர்ன் போடும் அறையில் இருந்த ஐந்து கம்ப்யூட்டர்களை சனிக்கிழமை மத்தியானங்களில் எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது.

மூன்று வாரத்தில் கட்டி முடித்தேன். தனியாக ஓட்டிப் பார்த்தேன். சைரன் ஒலித்தது, புகை பரவியது, நான் மேற்குப் படிக்கட்டில் இறங்கிப் பச்சைத் தரையில் கால் வைத்ததும் எழுத்து வந்தது. பத்துத் தடவை ஓட்டினேன், பத்துத் தடவையும் சரியாக வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் சனிக்கிழமை, இரண்டாவது மாடி லைன் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். ஒரு தையல் விட்டுப்போயிருந்தால் நாலடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவாள். கம்ப்யூட்டர் விளையாட்டு அவளுக்குப் புதிது. முதல் கால்மணி நேரம் சுவரில் முட்டிக்கொண்டே நடந்தாள். பிறகு பழகிவிட்டது.

அவளை இரண்டாவது மாடியில் நிற்கச் சொல்லிவிட்டுக் கீழே இருந்து பித்தானை அழுத்தினேன்.

"கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலையேக்கா" என்றாள், என் பக்கத்து நாற்காலியிலிருந்து.

என் காதில் சைரன் அலறிக்கொண்டிருந்தது. அவள் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தேன். அமைதி. ஹெட்போன் கோளாறா என்று மாற்றினோம். ஒலியளவைக் கூட்டினோம். பிறகுதான் கட்டளையை எடுத்துப் படித்தேன். 'எல்லோருக்காகவும் ஒலி எழுப்பு' என்று எழுதியிருந்தேனே தவிர, எங்கே நின்று எழுப்ப வேண்டும் என்று எழுதவில்லை. எழுதாவிட்டால் அந்தக் கமாண்ட் பிளாக் இருக்கும் இடத்திலிருந்துதான் ஒலி கிளம்பும். நான் அதன் பக்கத்தில் நின்றேன், எனக்குக் கேட்டது. அவள் தூரத்தில் நின்றாள், கேட்கவில்லை. 'அவரவர் நிற்கும் இடத்தில்' என்று பொருள்படும் ஒரு சின்னச் சொல்லைச் சேர்த்ததும் அவள் நாற்காலியில் துள்ளினாள்.

"எம்மாடி! இப்ப கேக்குது, நல்லா கேக்குது!"

அந்த உற்சாகத்தில் மறுபடி ஓட்டினோம். கீழே நின்ற நான் வேகமாக ஓடிப் பச்சைத் தரைக்கு வந்தேன். திரையில் எழுத்து வந்தது: அனைவரும் வெளியேறினர். சைரனும் நின்றது.

"அக்கா, நா இன்னும் மேலதான் நிக்கேன்" என்றாள் அவள்.

பித்தான் இரண்டு தடவை அழுந்தியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். இல்லை. கட்டளைகள் வரிசை மாறி ஓடுகின்றனவோ என்று கட்டைகளைத் திருப்பி வைத்தேன். அதுவும் இல்லை. எதை மாற்றினேன், என்ன ஆனது என்று ஒவ்வொன்றையும் பேட்டர்ன் காகிதத்தின் பின்புறம் எழுதிக்கொண்டே வந்தேன். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றக் கூடாது என்பது என் சட்டம். அவள் பொறுமையாக ஒவ்வொரு தடவையும் மாடியேறி நின்றாள்.

ஆறாவது வரியில் பிடிபட்டது. 'பச்சைத் தரையில் யாராவது இருக்கிறார்களா' என்றுதான் நான் கேட்டிருந்தேன். ஒருவர் நின்றாலும் அதற்கு ஆமாம்தான் பதில். கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை, நான்தான் கேள்வியைத் தப்பாகக் கேட்டிருந்தேன். தனியாக ஓட்டிய பத்துத் தடவையும் இது தெரிந்திருக்க வழியே இல்லை. ஒரே ஆள் ஆடினால், அந்த ஒரு ஆள்தானே எல்லோரும்?

சரி, கேள்வியைத் திருப்பினேன். 'கட்டடத்துக்குள் யாராவது மிச்சம் இருக்கிறார்களா?' இல்லை என்றால்தான் எழுத்து வர வேண்டும். ஓட்டினோம். அவள் மேலே நிற்கும்வரை எழுத்து வரவில்லை. எனக்கு வெற்றிச் சிரிப்பு. காகிதத்தை மடித்து வைக்கப் போனேன்.

"இருங்கக்கா" என்றவள் விளையாட்டில் எங்கேயோ நடந்துபோனாள். சற்று நேரத்தில் திரையில் மறுபடி 'அனைவரும் வெளியேறினர்'.

"எங்க இருக்கற?"

"நா இங்ஙன பாத்ரூம்லதான் நிக்கேன். எல்லாரும் போயாச்சுன்னு போடுது."

கட்டடத்துக்குப் பின்னால் தனியாக இருக்கும் கழிவறை வரிசையையும் நான் அச்சு அசலாகக் கட்டியிருந்தேன். ஆனால் 'கட்டடத்துக்குள்' என்று எல்லை வகுத்தபோது அதைச் சேர்க்க மறந்திருந்தேன். இது சின்னத் தப்பு, இரண்டு எண்களை மாற்றினால் போதும் என்று கையை விசைப்பலகைக்குக் கொண்டு போனேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள?"

"நெசத்துலயும் இப்பிடித்தான் நடந்துச்சுக்கா. போன ட்ரில்லுல. நம்ம லைன் ஒடிசாப் பிள்ளை ஒருத்தி பாத்ரூம்ல இருந்திருக்கா. நாங்க திரும்பி மேல வரும்போது மிஷின் பக்கத்துல தனியா நிக்கா. நீங்க அதுக்குள்ள கையெழுத்துப் போட்டுட்டிய. சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு விட்டுட்டேன்."

விசைப்பலகையைத் தள்ளி வைத்தேன். எல்லோரும் வெளியேறியதாக நான் கையெழுத்திட்ட அந்த ஒத்திகை அறிக்கை எனக்கு நினைவிருந்தது. ஒவ்வொரு லைன் சூப்பர்வைசரும் வந்து 'எல்லாரும் வந்தாச்சு' என்று சொல்லச் சொல்ல நான் டிக் அடித்துக்கொண்டே போனேன். முகங்களை நான் எண்ணவில்லை.

திங்கட்கிழமை காலையில் அந்தப் பெண்ணிடம் போனேன். ஓவர்லாக் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். திட்டப்போகிறேன் என்று பயந்திருப்பாள் போல. உட்காரச் சொல்லி, அன்று என்ன நடந்தது என்று கேட்டேன்.

"சத்தம் கேக்கல அக்கா" என்றாள், இந்தியும் தமிழுமாக. "வெளிய வந்தேன். மிஷின் சப் பந்த், எல்லாம் நின்னாச்சு. ஆளு இல்ல. எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு, என்னை விட்டாச்சுன்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, சூப்பர்வைசரை சைரன் பித்தானருகே நிறுத்தி, நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தண்ணீர்க் குழாயையும் திறந்துவிட்டேன். சைரன் அடித்தது என்று அவள் பிறகு சொல்லித்தான் தெரியும். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடுவதுபோல ஏதோ ஒன்று கேட்டது. அவ்வளவுதான்.

நேரே மேனேஜர் அறைக்குப் போனேன். போன அறிக்கை தப்பு, அதில் கையெழுத்துப் போட்டது நான் என்றேன். கழிவறை வரிசைக்குத் தனி சைரனும் சிவப்பு விளக்கும் வேண்டும் என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"இத்தன நாளா யாரும் இதச் சொல்லலீங்களே மேடம்?"

"யாரும் அங்க நின்னு கேக்கலீங்க சார். நான் இன்னைக்கு நின்னு கேட்டேன்."

அந்த வாரமே எலக்ட்ரீஷியன் வந்தார். கணக்கெடுக்கும் முறையையும் நான் மாற்றினேன். காலையில் வாசலில் கைரேகை வைத்து உள்ளே வந்தவர்கள் எத்தனை பேர், ஒத்திகையில் பச்சைத் தரையில் தலை எண்ணியது எத்தனை. இரண்டும் ஒன்றாக வந்தால்தான் கையெழுத்து. 'வந்தாச்சு' என்ற வார்த்தை செல்லாது. விளையாட்டிலும் அதையே எழுதினேன்: ஆடுபவர்களின் எண்ணிக்கையும் பச்சைத் தரையில் நிற்பவர்களின் எண்ணிக்கையும் சமமா? அதன்பிறகு அவள் எந்த மூலையில் போய் ஒளிந்தாலும் திரை ஏமாறவில்லை.

அடுத்த ஒத்திகை பதினோரு மணி டீக்கு முன்பு. கழிவறைப் பக்கமிருந்து நான்கு பெண்கள் ஈரக் கையோடு ஓடி வந்தார்கள். சூப்பர்வைசர்கள் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினார்கள். கூட்டிப் பார்த்தேன், ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணச் சொன்னேன். அப்போதும் ஒன்று குறைந்தது. வெயிலில் முணுமுணுப்பு எழுந்தது. "டீ ஆறுதுங்க மேடம்" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். ஆறட்டும் என்றேன்.

லைன் பட்டியல்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். எல்லா லைனிலும் ஆள் சரி. கட்டிங் சரி, செக்கிங் சரி, கேன்டீன் சரி. கடைசியில் ஆபீஸ் பட்டியலை எடுத்தேன். மேலே மாடிக் கண்ணாடி ஜன்னலில் மேனேஜர் போனில் பேசிக்கொண்டு எங்களைப் பார்த்தபடி நின்றார்.

சூப்பர்வைசர் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் காதில் போனோடு இறங்கி வந்தார்.

"நானுமுங்களா மேடம்?"

"நீங்களுந்தானுங்க சார். காலைல கை வெச்சுத்தானுங்களே உள்ள வந்தீங்க?"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, போனை அணைத்து, ஆபீஸ் வரிசையின் கடைசியில் போய் நின்றார். நான் அவர் தலையையும் எண்ணினேன். சரியாக வந்தது. கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதினேன். முந்தைய அறிக்கையில் இருந்ததைவிட மிக அதிகம். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது சனிக்கிழமைகளில் ஐந்து ஐந்து பேராக விளையாட வருகிறார்கள். அந்த ஒடிசாப் பெண் எல்லோரையும்விட வேகமாக வழி கண்டுபிடிக்கிறாள். போன வாரம், புகை எப்போதும் கிழக்குப் படிக்கட்டிலேயே வருகிறது, இது ரொம்ப சுலபம் அக்கா, மாற்றி வையுங்கள் என்றாள். சொன்னது சரிதான். ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் புகை கிளம்ப ஒரு கட்டளை எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் சரியாக ஓடவில்லை. ஓட வைத்துவிடுவேன்.