அக்கா காலில் ஏறிய முள்

முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் என் நெறியாளர் நான் கொடுத்த அத்தியாயத்தை மேசைமேல் தள்ளினார். "ஊரையெல்லாம் பேட்டி எடுத்திருக்கிறீர்கள். நீங்கள் எங்கே? பட்டாசு வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்தவர் நீங்கள். உங்கள் அனுபவத்தையே ஆய்வுமுறையாக வைத்துக்கொண்டு, 'நான்' என்று எழுதுங்கள்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை எந்த வீட்டில் பிறந்தேன் என்று சொல்லவே கூசிக்கொண்டிருந்தவள் நான்.

ஒரே சிக்கல், எனக்கென்று அனுபவம் அதிகமில்லை. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் எங்கள் ஊர். என் வயதுப் பெண்கள் காலையில் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறியபோது நான் விருதுநகர் கல்லூரிக்குப் பஸ் ஏறினேன். ஏற்றிவிட்டது அக்கா. அவள் எட்டாவதோடு நின்று பட்டாசுக்குப் போனதால்தான் நான் படித்தேன். ஒரு கோடை விடுமுறையில் இருபது நாள் அவளோடு போய் லேபிள் ஒட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். பசை நாற்றத்தை வர்ணித்தே நாலு பக்கம் ஓட்டினேன்.

அப்போதுதான் அக்கா சொன்ன ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. ஓர் அறையில் நாலு பேர்தான் இருக்கலாம் என்பது விதி. சீசன் நேரத்தில் எட்டுப் பேர் இருப்பார்கள். சோதனைக்கு ஜீப் வருகிறது என்று தகவல் வந்தால், அதிகப்படியான பெண்களைப் பின்பக்கம் கருவேலங்காட்டுக்குள் விரட்டிவிடுவார்கள். அப்படி ஓடிய ஒரு மதியம் அக்காவின் பாதத்தில் முள் ஏறிவிட்டது. கத்தினால் ஜீப்பில் வந்தவர்களுக்குக் கேட்டுவிடும். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, ஜீப் போகும்வரை வெயிலில் உட்கார்ந்திருந்தாளாம். எனக்குச் சோறு போட்டுக்கொண்டே இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

நான் அதை எழுதினேன். 'நான் ஓடினேன், என் காலில் முள் ஏறியது' என்று எழுதினேன். அக்கா என்று எழுதினால் அவள் மாட்டிக்கொள்வாள், அவளைக் காப்பாற்றத்தான் இப்படி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பச்சைப் பொய். 'நான்' என்று எழுதினால்தான் எடுபடும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வாய்மொழித் தேர்வில் அந்தப் பத்தியை வாசித்தபோது, வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானும் கூச்சமில்லாமல் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

பட்டம் வந்ததும் உள்ளூர்ப் பத்திரிகையில் என் போட்டோவைப் போட்டார்கள். கூடவே அந்த முள் பத்தியையும் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் வேனுக்காக நின்ற அக்காவைப் போர்மேன் தனியே கூப்பிட்டார்.

"இன்னையிலருந்து வராத தாயி."

"என் தங்கச்சி அவ காலுல முள்ளு ஏறுனதத்தான அண்ணாச்சி எழுதிருக்கா? நான் அவகிட்ட ஒண்ணுஞ் சொல்லல" என்றிருக்கிறாள் அக்கா. அந்த நேரத்திலும் என் பொய்யைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள்.

"ஊக்க வச்சு அந்த முள்ள எடுத்தவன் நானு. யாரு காலுன்னு எனக்குத் தெரியாதா?"

சுற்றுவட்டாரத்தில் நாலைந்து கம்பெனிகளில் கேட்டுப் பார்த்தாள். அவள் போவதற்கு முன்பே சேதி போயிருந்தது. போர்மேனிடம் நியாயம் கேட்கிறேன் என்று நான் குதித்தேன். "நீ எழுதுனதே போதும். வாயத் தொறந்து இருக்கிறவளுக வேலைக்கும் உலை வச்சிராத" என்று கதவைச் சாத்தினாள்.

இப்போது நான் வெளியூர்க் கல்லூரி ஒன்றில் ஆய்வுமுறைப் பாடம் எடுக்கிறேன். சொந்த அனுபவத்தை எப்படி ஆய்வாக்குவது என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வகுப்பைக்கூட நான் விட்டதில்லை. போன மாதம் ஒரு பதிப்பாளர் ஆய்வேட்டைப் புத்தகமாகப் போடலாம், புதிதாக ஓர் அத்தியாயம் மட்டும் வேண்டும் என்றார். ஊருக்குப் போனேன்.

அக்காவுக்குத் தாயில்பட்டிப் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. லேபிள் ஒட்டுகிற வேலை கொடுக்கவில்லை. பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துகிற அறையில் போட்டிருந்தார்கள். வெடித்தால் முதலில் போகிற அறை அது. இத்தனை வருஷமாக அதில் மட்டும் உட்கார மாட்டேன் என்று தப்பித்துவந்தவள் அவள். சோப்புப் போட்டுக் கழுவியும் நகக்கண்ணில் மருந்துப் பொடி வெள்ளியாக மின்னியது. அந்தக் கையாலேயே எனக்குச் சோறு போட்டாள்.

"பயமா இல்லையாக்கா?" என்றேன். கேட்டுக்கொண்டே என் கை பையிலிருந்த நோட்டை எடுத்துவிட்டது. பழக்கம்.

அக்கா நோட்டைப் பார்த்தாள். கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள்.

"இதையும் 'நான்'னே எழுதிக்க. எழுதுறப்ப அங்கன நீ இருந்துக்க. வெடிக்கிறப்ப நான் இருந்துக்கிறேன்."