ஒரே போர்வைக்குள்

கருங்கல் சந்தைக்கு அருகே ஒரு வாடகை வீட்டில் நானும் ரோசம்மாளும் தங்கியிருக்கிறோம். இருவரும் ஒரே பள்ளியில் ஆசிரியைகள். சென்ற மழைக்காலத்தில் ஊரெல்லாம் விஷக் காய்ச்சல் பரவி, வகுப்பில் பாதிப் பெஞ்சுகள் காலியாயின. பிறகு ரோசம்மாளும் படுத்தாள்.

விறகு நனைந்திருந்ததால் நொச்சியிலை போட்டு ஒரு பானைதான் கொதிக்கவைக்க முடிந்தது. "ஏட்டி, நீயும் உள்ள வா. ஆவி பிடிச்சா ஒனக்கு வராது" என்று ரோசம்மாள் போர்வையைத் தூக்கிக் காட்டினாள். நானும் அப்படித்தான் நம்பினேன். அவள் என் முகத்துக்கு நேரே இரும இரும, மூன்று நாள் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்திருந்தேன்.

நான்காம் நாள் காலை, அதே வீட்டின் அடுத்த பகுதியில் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா தன் ஐந்து மாதக் குழந்தையோடு வந்தார். "டீச்சரே, பிள்ளைக்கும் கொஞ்சம் ஆவி காட்டணும். நீங்க மடியில வச்சுக்கிடுங்க."

குழந்தையை வாங்கினேன். என் கை பட்டதும் அது வீறிட்டது.

"கை என்ன இப்படிச் சுடுது?" என்று அவர் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஆவியோடு அவள் நோயையும் மூன்று நாள் இழுத்திருக்கிறேன். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் குழந்தையும் அந்தப் போர்வைக்குள் வந்திருக்கும்.

பத்து நாள் நான் எழவில்லை. சுவருக்கு அப்பால் குழந்தை இருமுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே கிடந்தேன். நல்லவேளை, இருமவில்லை.

இப்போது எங்களில் ஒருவருக்குத் தலைவலி என்றாலே தனிப் பானை, தனிப் போர்வை, வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள். நேற்று எனக்குத் தொண்டை கரகரத்தது. அந்தக் குழந்தை தவழ்ந்து வந்து, கதவைத் தட்டித் தட்டி அழுதது. நான் திறக்கவில்லை.