படுக்க வைத்துப் போட்ட கோடு

பின்னாளில் பெரிய ஆளான அந்த டொக்டர் சட்டைப்பையில் செருகி வைத்திருந்த ஊதா மைப்பேனை இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. காலில் நரம்பு சுருண்டு புடைத்தவர்களுக்கு, வெட்ட வேண்டிய இடமெல்லாம் தோலின் மேல் அந்தப் பேனையால் கோடு போடுவார். நோயாளி எழுந்து நிற்கும்போதுதான் போட வேண்டும். படுத்தால் இரத்தம் வடிந்து நரம்பு அமுங்கிவிடும். எது எங்கே ஓடுகிறதென்று கடவுளுக்கும் தெரியாது. திருகோணமலை ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் தியேட்டர் தாதியாக இருந்த எனக்கே இது தெரியும். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் நிற்கிறவரின் காலில் கோடு போடுவதென்றால் தரையில் முழந்தாளிட வேண்டும். அவர் எவர் முன்னாலும் குனியாத பிறவி.

மூதூரிலிருந்து வந்த அந்த உம்மா, விடியப்புறம் தொடக்கம் அடுப்படியில் நின்று கடைகளுக்கு அப்பம் சுடுகிறவர். அவரைக் கட்டிலில் படுக்க வைத்தே கோடு போட்டார். "சேர், எழுப்பி நிக்க வைக்கட்டோ?" என்று கேட்டேன். "மிஸி, நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ" என்றார். பார்த்தேன். மூன்று மாதத்தில் அந்தக் கால் முன்னைவிட வீங்கி, கணுக்காலுக்கு மேலே புண்ணும் வைத்தது. பெரிய நரம்பு வெட்டுப்படாமலே கிடந்திருக்கிறது. விசாரணைக்கு டொக்டர் எழுதிக் கொடுத்தது ஒரே வரி: தாதி ஸ்பிரிட் போட்டுத் துடைத்ததில் கோடு அழிந்துவிட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். என்னைக் கந்தளாய்க்கு மாற்றினார்கள். கைக்குழந்தையை மாமியிடம் விட்டுவிட்டு பஸ்ஸில் அலைந்த வருடங்களையாவது மறக்கலாம். மாற்றலுக்கு முதல் நாள் புண்ணுக்குக் கட்டுப்போட வந்த அந்த உம்மா, "நீங்கதானே மிஸி அந்தக் கோட்ட அழிச்ச?" என்று கேட்டதை எப்படி மறப்பேன்? கோபத்தோடு கேட்டிருந்தாலும் பரவாயில்லை. பாவம், கவலையோடு கேட்டார். இல்லையென்று சொன்னேன். டொக்டரை விட்டுவிட்டு என்னை நம்ப அவருக்கென்ன விசரா?

டொக்டர் வளர்ந்தார். வெட்டுக்காயமில்லாமல், ஊசித் துளையால் லேசர் வயரை விட்டு நரம்பைச் சுட்டு அடைக்கிற முறையை இந்தக் கரைக்குக் கொண்டுவந்தவர் என்று மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். குடலிறக்கம், பித்தப்பைக் கல் என்று வருகிறவர்களுக்கும் அவர்தான் கைராசிக்காரர். திறமையில்லை என்று நான் சொல்ல மாட்டேன், அது பொய். ஒவ்வொரு பொன்னாடைக்கும் என் வயிறு எரிந்தது என்பதும் உண்மை.

தியேட்டரில் நின்ற நிலைக்கு இந்த வருடம் என் காலும் புடைத்தது. மகள் என்னைக் கேட்காமலே அவருடைய கிளினிக்கில் இடம் பிடித்துவிட்டாள். அம்மா ஒருதரம் பிழை விட்டுவிட்டா, அதுதான் அந்த டொக்டரின் பெயரைக் கேட்டாலே எரிந்து விழுகிறா என்பது அவளுடைய எண்ணம். எத்தனை தரம் சொல்லியும், "சரி அம்மா, விடுங்கோ" என்பாளே தவிர நம்பியதில்லை. அவளை வெளியே இருக்கச் சொன்னார்கள். உள்ளே நான் ஏறி நிற்க ஒரு உயரப் படி; அவர் கதிரையில் இருந்தபடியே கோடு போட்டார். "நிண்டால்தான் நரம்பு தெரியும்" என்று எனக்கே பாடம் நடத்தினார்.

"அந்த மூதூர் உம்மாவையும் இப்பிடி நிக்க வைச்சிருக்கலாமே, சேர்" என்றேன்.

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அடையாளம் கண்டுகொண்டார்.

"ஓம் மிஸி. நீங்கள் அழிக்கேல்லை, எனக்குத் தெரியும். அப்ப எனக்கு வேலை நிரந்தரமாகாத காலம்."

கண் கலங்கிவிட்டது. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை காலமும் எரிந்துகொண்டிருந்தேன். "வெளியில என்ர மகள் இருக்கிறா. கூப்பிடுறன். அவவுக்கு முன்னால இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றேன்.

அவர் கதவைப் பார்த்தார். "பழைய கதை என்னத்துக்கு மிஸி? படுங்கோ, காலைப் பாப்பம்."

நான் படுக்கவில்லை. படியிலிருந்து இறங்கி, கோடு போட்ட காலோடு வெளியே வந்தேன். மகள் பதறி எழும்பினாள். "என்னம்மா, செய்யேல்லையா?"

"அவருக்கு ஏலாதாம்" என்றேன்.