கூரை மூடாத கொட்டில்

நீல நிறத் தறப்பாள் அது. நாலு மூலையிலும் கயிறு போட்டு, ஆணி அடித்து, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே வராதபடி இறுக்கிக் கட்டிவிட்டு, ஏணியில் நின்றபடியே பாராட்டுக்காகக் காத்திருந்தேன். பக்கத்து வீட்டு ரீச்சர் அண்ணாந்து பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கும்வரை சிரித்தார்.

நாங்கள் அகதியாக வந்து குடியேறிய செவன் கிங்ஸில், எங்கள் தெருவில் மிஞ்சியிருக்கும் ஒரே யூத வீடு ரீச்சருடையது. இலை உதிரும் காலத்தில் வரும் சுக்கோத் அவர்களுக்குச் சந்தோஷமான பெருநாள். எகிப்தில் அடிமையாக இருந்தவர்கள் தப்பி வந்து பாலைவனத்தில் கொட்டில்களில் கிடந்ததை நினைத்து, வீட்டுக்கு வெளியே ஒரு கொட்டில் போட்டு, ஏழு நாளும் அதற்குள் இருந்து விருந்து சாப்பிடுவார்கள். கணவர் இறந்த வருடம் ரீச்சர் அந்த வேலையை என்னிடம் தந்தார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. ஆனால் ஊரில், சண்டைக்காலத்து அகதி முகாமில் நான் போட்ட கொட்டில்களுக்கு ஒரு பட்டமே தரலாம். அந்தத் திமிரில்தான் தறப்பாளைக் கட்டினேன்.

"கூரை இலைகுழையாலதான் இருக்கவேணும். இடைவெளியால வானம் தெரியவேணும்" என்றார் ரீச்சர். அவர் பேசியது இங்கிலிஷ். என் ஞாபகத்தில் அது தமிழாகத்தான் கிடக்கிறது.

"மழை வந்தா?"

"சூப்புக்குள்ள மழை விழுந்தா எழும்பி உள்ள போகலாம். எங்கட சட்டத்திலயே இருக்கு. அதுவரைக்கும் இருக்கவேணும்."

என் மனைவி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "உங்களுக்கு எதைக் கண்டாலும் பங்கர்தான். விட்டா மண்மூட்டையும் அடுக்கியிருப்பியள்."

அதன்பின் வருடா வருடம் கிளை வெட்டிப் பரப்பினேன். அப்பிளும் வண்ணக் காகிதமும் தொங்கவிட்டோம். பத்துப் பேர் நெருக்கியடித்து இருந்து மேசையைத் தட்டிப் பாடுவார்கள். ஒரு சொல்லும் தெரியாத நானும் வாயை அசைப்பேன்.

போன வருடம், பெருநாளுக்கு ஒரு கிழமைக்கு முன், வீட்டுக்குப் பின்னால் போகும் ஒழுங்கைப் பக்கமாக ரீச்சரின் வேலியில் யாரோ சிவப்பு மையால் எழுதியிருந்தார்கள். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிற ஆள். யூதரை வெளியே போகச் சொன்ன அந்த இரண்டு சொல் மட்டும் உடனே விளங்கியது. பொலிஸ் வந்து படம் எடுத்துக்கொண்டு போனது. நான் மண்ணிறம் பூசி மறைத்தேன். இரண்டு நாளில் அதே இடத்தில், அதே இரண்டு சொல்.

கொட்டில் போடவேண்டாம் என்று ரீச்சரின் மகன் போன் எடுத்துச் சொன்னார். வருகிற விருந்தாளிகளில் ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்கு இருமல் என்று எல்லாருக்கும் திடீரென்று ஏதோ வந்துவிட்டது.

"என்ர மனுசன் போனபிறகும் நான் ஒரு வருஷமும் விடேல்லை. இந்த முறை வீட்டுக்குள்ள சாப்பிட்டா, இனி எப்பவும் உள்ளதான்" என்றார் ரீச்சர்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "போடுவம்" என்று வந்துவிட்டது. என் வாய் என்னைக் கேட்டு நடப்பதில்லை.

முதல் நாள் பொழுதுபட்டதும் இருந்தோம். பத்து நாற்காலி, மூன்று பேர். ரீச்சர் மெழுகுதிரி ஏற்றி, செபம் சொல்லி, சூப்பை வார்த்தார். நான் இரண்டாவது கரண்டி வாயில் வைக்கும்போது ஒழுங்கையில் காலடிச் சத்தம் கேட்டது. கடந்து போயிருந்தால் அது வெறும் சத்தம். வேலிக்குப் பின்னால் வந்து நின்றது.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. பலகை இடுக்கால் எங்கள் வெளிச்சம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். லைட்டர் ஒன்று சொடுக்கியது. சிகரெட் மணம் வரவில்லை. திரும்பவும் சொடுக்கியது. எங்கள் தலைக்கு மேலே நான் பரப்பிய கிளைகள், மூன்று நாள் வெயிலில் நன்றாகக் காய்ந்திருந்தன. எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கிற நான், அன்றைக்கு மேசைக்குக் கீழே மனைவியின் கையைத் தேடினேன். அவள் ஏற்கெனவே என் சட்டையைப் பிடித்திருந்தாள்.

ரீச்சர் அண்ணாந்து பார்த்தார். கிளைகளின் இடைவெளியில் ஒரு முகிலும் இல்லை. கரண்டியை மெல்ல வைத்தார்.

"மழை தூறுது. உள்ள போவம்."

மனைவி சூப்புச் சட்டியைத் தூக்கினாள். ரீச்சர் மெழுகுதிரிகளைத் திரும்பிப் பார்த்தபடி முன்னால் நடந்தார். நான் கடைசியாக வந்து கதவைப் பூட்டினேன். பிறகு, அவர் பார்க்கட்டும் என்று, தலையைத் துவட்டிக்கொண்டேன்.