ஏலக்காய் போட்ட சவ்வரிசிக் கஞ்சி

ஆனையூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு நேற்றிலிருந்து பெயின்ட் அடிக்கிறார்கள். ஜன்னலைச் சாத்தினாலும் தின்னர் வாடை விடவில்லை. மற்றவர்களுக்கு அந்த வாடை வந்தால் புது வீடு, பண்டிகை என்று நல்லதாக ஏதாவது ஞாபகம் வரும். எனக்கு மூத்திரம் ஞாபகம் வருகிறது. முகத்தைச் சுளிக்காதீர்கள், காரணம் சொல்கிறேன்.

தின்னரில் இருக்கிற டொலுயீனைத்தான், சேர்த்து வைத்த சிறுநீர் கெட்டுப்போகாமல் இருக்க அதன் மேல் கொஞ்சம் ஊற்றி வைப்போம். எம்.எஸ்சி.யில் நான் எடுத்தது மனித ஊட்டச்சத்து. சொந்தக்காரர்கள் எல்லாம் "சமையல் படிப்பாம்மா?" என்று கேட்பார்கள். சமையலாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். புரதமே இல்லாத சாப்பாட்டில் இருந்தால் உடம்பு எவ்வளவு நைட்ரஜனை இழக்கிறது என்பதுதான் என் ஆய்வு. தின்ற புரதத்தின் நைட்ரஜன் சிறுநீரில்தான் வந்து சேரும். உள்ளே போவதை எடை போட வேண்டும், வெளியே வருவதைச் சொட்டு விடாமல் கேனில் பிடிக்க வேண்டும்.

ஆய்வுக்கு உடம்பு வேண்டுமே! தோழிகள் நாலு பேர் வருகிறோம் என்றார்கள். அதில் உசிலம்பட்டிக்காரி ஒருத்தி, ஆரம்பித்த மறுநாள் சாயங்காலமே கறிதோசைக் கடையில் உட்கார்ந்துவிட்டாள். கேட்டால், "போடி, சவ்வரிசியத் தின்னு தின்னு நாக்கே செத்துப்போச்சு. டிகிரி உனக்கா எனக்கா?" என்றாள். நியாயம்தான். மற்ற மூவரும் அவள் பின்னாலேயே போய்விட்டார்கள். நான் அழாத குறையாக நின்றதைப் பார்த்து வழிகாட்டி மேடம் மனம் இரங்கினார். "நீ ஒருத்தியாவது ஒழுங்கா இருந்து முடி, ஏத்துக்கறேன்" என்றார்.

எனக்கு வேறு வழியும் இல்லை. என்னைப் பெற்ற அத்தா முன்பே சொல்லிவிட்டிருந்தார். "நோம்புப் பெருநா கழிஞ்சதும் நிக்காஹ். அதுக்குள்ள படிச்சு முடிச்சிரு. அதுக்கு மேல ஒரு நா கேட்டாலும் கெடையாது." அவர் சொன்னால் சொன்னதுதான். ஆய்வேடு கொடுத்தால் பட்டம், இல்லையென்றால் ஒன்றுமில்லை.

அப்போது எங்கள் வீடு நெல்பேட்டைப் பக்கம். காலையில் கறிக்கடை, மத்தியானம் பிரியாணி, பொழுது சாய்ந்தால் சுக்கா. அந்தத் தெருவில் மூச்சு விட்டாலே புரதம் ஏறிவிடும். அதற்கு நடுவில் நான் புரதம் இல்லாத சவ்வரிசி, சர்க்கரை, எண்ணெய் மூன்றிலும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நான் அளந்து கொடுப்பேன், அம்மா கஞ்சி காய்ச்சித் தருவாள். தரும்போதெல்லாம் புலம்புவாள்.

"யா அல்லா, கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சே! நோம்புக்குக்கூட விடியுமுன்ன சஹர் சாப்பாடு இருக்கு, பொழுதடஞ்சா நோம்பு தொறக்கக் கஞ்சி இருக்கு. இது என்னடி நோம்பு?"

"படிப்பும்மா."

"புள்ளையப் பட்டினி போட்டு மூத்திரத்த அளக்குறதுக்கு ஒரு படிப்பா?"

இது போதாதென்று டவுன் பஸ். கேனை மடியில் வைத்துக்கொண்டு, பிரேக் போடும்போதெல்லாம் மூடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு போவேன். கண்டக்டர் ஒருநாள் குனிந்து பார்த்தார். "என்ன தங்கச்சி, எண்ணெயா? லக்கேஜ் போடணுமே." "பினாயில் அண்ணே" என்றேன். "எம்புட்டும்மா ஒரு லிட்டரு?" என்று விலை வேறு கேட்டார். பக்கத்து சீட்டுக் கிழவி, "எனக்கும் ஒரு கேன் கொண்டு வா" என்றாள். சிரிக்கத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் கஞ்சியில் ஏலக்காய் மணத்தது. ருசியும் கூடியிருந்தது. பசியில் எனக்கு எல்லாமே அமிர்தமாகத் தெரிகிறது என்று நினைத்துக் குடித்தேன். நாலு சிட்டிகை ஏலக்காய்ப் பொடியில் என்ன பெரிய புரதம் வந்துவிடப் போகிறது!

ஆய்வுக்கூடத்தில் பார்த்தால், நாளாக ஆகக் குறைய வேண்டிய நைட்ரஜன் குறைந்துகொண்டே வந்து, பாதியில் ஏறியிருந்தது. சோதனையைத் திரும்பச் செய்தேன். திரும்பவும் ஏறியது. மேடம் கதவைச் சாத்தினார். "வெளிய என்ன சாப்பிட்ட? உண்மையச் சொல்லு." அல்லா மேல் சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து, புர்காவைக்கூடக் கழற்றாமல் சமையற்கட்டில் உட்கார்ந்து நடந்ததைச் சொல்லி ஓவென்று அழுதேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"முட்டையோட வெள்ளக்கரு கூடவா அதுல தெரிஞ்சிரும்?"

நுரைக்க அடித்துக் கலக்கியிருக்கிறாள். வாடை தெரியாமல் இருக்கத்தான் ஏலக்காய். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

மறுநாள் காலையில் அம்மா என்னுடன் கிளம்பினாள். அதற்கு முன் கல்லூரி வாசலையே மிதித்ததில்லை. மேடத்தின் முன்னால் உட்காரவும் மாட்டேன் என்றாள். "டீச்சர், தப்பு பண்ணுனது நானு. எம் புள்ள ஒரு பருக்க சோறு திங்கல. பெயிலு போடுறதா இருந்தா எனக்குப் போடுங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நான் என்னம்மா செய்யட்டும்? கெட்டுப்போன கணக்க வச்சு எப்படிப் பட்டம் குடுக்கறது? அடுத்த வருஷம் முதல்ல இருந்து செய்யட்டும்."

அடுத்த வருஷமாம்! அத்தாவின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். "மாப்ள வீட்டுக்கு வாக்குக் குடுத்தாச்சு" என்பதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. அம்மாவும் கெஞ்சினாள். என் காதுபடத் திட்டு வாங்கினாள். அந்த நாட்களில் எனக்கு நிஜமாகவே ஒரு வாய் சோறு இறங்கவில்லை. அதை எடை போட்டு எந்த ஆய்வும் நடக்கவில்லை. பெருநாள் வந்தது, போனது, அழைப்பிதழும் அச்சாகி வந்துவிட்டது.

பிரித்துப் பார்த்தேன். மணமகள் என்ற இடத்தில், என் பெயருக்குப் பக்கத்தில் எம்.எஸ்சி. என்று போட்டிருந்தது. அத்தா எழுதிக் கொடுத்ததில் அது இல்லை. அம்மாதான் அச்சாபீசுக்கு நடந்து போய்ச் சேர்க்கச் சொல்லியிருக்கிறாள்.

"ஏம்மா, நாந்தான் முடிக்கலையே" என்றேன்.

"நாந்தான கெடுத்தேன். நானே போட்டுட்டேன்" என்றாள்.

அதற்குப் பிறகு கல்யாண வீடு, பால்கடை, ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், "எம் மக எம்.எஸ்சி." என்பாள். நான் திருத்தியதில்லை. போன வருஷம் அம்மா மவுத்தாகி மண்ணுக்குள் போய்விட்டாள். அதன் பிறகு என்னை அப்படி யாரும் சொன்னதில்லை.